மருத்துவத்துக்கு வெளியே உயிரியல்: பரமட்டாவிலிருந்து விலங்கியல் துறைக்குச் செல்லும் வழி

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்கு மேற்கே அமைந்துள்ள பரமட்டாவில், சூரியன் மறைந்த சில நிமிடங்களில் ஆற்றங்கரை மரங்களிலிருந்து ஆயிரக்கணக்கான வௌவால்கள் எழுந்து பறக்கின்றன. சாம்பல் நிறத் தலையும் செம்பழுப்புக் கழுத்தும் கொண்ட இந்தப் பழந்தின்னி வௌவால்கள் பரமட்டா பூங்காவைப் பகல்நேரத் தங்குமிடமாகக் கொண்டவை. பூங்காவின் மறுபக்கத்தில் 1978ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வெஸ்ட்மீட் மருத்துவமனை இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள வெஸ்ட்மீட், வென்ட்வர்த்வில், டூன்காபி, பெண்டில் ஹில் ஆகிய புறநகர்ப் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழ்கின்றன. அக்குடும்பங்களின் பிள்ளைகளில் உயிரியலில் ஆர்வம் காட்டுவோரைப் பெற்றோரும் உறவினரும் பெரும்பாலும் அந்த மருத்துவமனையை நோக்கியே திருப்பிவிடுகின்றனர். வௌவால்களை நோக்கிச் செல்ல விரும்பும் ஒரு சிலருக்கு வழி சொல்வதற்கு ஆள் கிடைப்பதில்லை.

ஆஸ்திரேலியாவில் 2021ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட குடிசன மதிப்பீட்டின்படி, வீட்டில் தமிழ் பேசுவோரின் எண்ணிக்கை 95 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. மருத்துவம், பொறியியல், கணக்கியல், கணினி ஆகிய நான்கு துறைகளிலும் அடுத்த தலைமுறைக்கு ஆலோசனை வழங்கக்கூடிய அனுபவசாலிகள் இச்சமூகத்தில் ஏராளம். விலங்கியலிலும் வனவிலங்கு உயிரியலிலும் நிலைமை அதுவல்ல. இதனால் இத்துறையைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் பல தவறுகளைத் தாங்களே செய்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தத் தவறுகள் சில வேளைகளில் மூன்று, நான்கு ஆண்டுகளையும் பல்லாயிரம் டாலர் கடனையும் விலையாகக் கேட்கின்றன.

வௌவால் ஓர் உதாரணம்

இத்துறையில் உள்ளவர்கள் உண்மையில் என்ன வேலை செய்கின்றனர் என்பதை விளக்க பரமட்டா வௌவால்களே போதுமானவை.

சாம்பல்தலைப் பழந்தின்னி வௌவால் ஆஸ்திரேலிய மத்திய அரசின் சட்டத்தின் கீழ் 'பாதிக்கப்படக்கூடிய' இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. யூகலிப்டஸ் மரங்களின் மகரந்தத்தையும் மழைக்காட்டு மரங்களின் விதைகளையும் ஒரே இரவில் பல கிலோமீட்டர் தூரம் கொண்டு செல்வது இதுவே. அதேவேளையில் இது நகரவாசிகளின் எரிச்சலுக்கும் உள்ளாகிறது. சிட்னியின் அரச தாவரவியல் பூங்காவில் மரங்களைச் சேதப்படுத்தியதால், 2012ஆம் ஆண்டில் ஒலிபெருக்கிகள் மூலம் சத்தம் எழுப்பி அவை அங்கிருந்து அகற்றப்பட்டன.

இவற்றின் முக்கிய எதிரிகளில் ஒன்று வெப்பம். வெப்பநிலை 42 பாகை செல்சியஸைத் தாண்டும்போது இவை கூட்டமாக இறக்கின்றன. 2002ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒன்பது தங்குமிடங்களில் 3,500க்கும் அதிகமானவை ஒரே நாளில் மாண்டன. அந்த நிகழ்வை ஆராய்ந்து 2008இல் கட்டுரை வெளியிட்ட குழுவின் முதன்மை ஆய்வாளர் ஜஸ்டின் வெல்பெர்கன் பின்னர் வெஸ்டர்ன் சிட்னி பல்கலைக்கழகத்தில் பணியாற்றத் தொடங்கினார். 2018 ஜனவரியில் பரமட்டாவுக்கு மேற்கே உள்ள பென்ரித்தில் வெப்பநிலை 47.3 பாகையைத் தொட்ட நாளில், கேம்பல்டவுனில் நூற்றுக்கணக்கான வௌவால்கள் மரத்திலிருந்து விழுந்து இறந்தன. 2020 ஜனவரி 4ஆம் தேதி பென்ரித்தில் 48.9 பாகை பதிவானது.

இந்த ஒரே விலங்கைச் சுற்றி எத்தனை வகைத் தொழில்கள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். தங்குமிடங்களில் எண்ணிக்கை எடுப்பவர் ஒருவர். வெப்ப முன்னறிவிப்பையும் தங்குமிட வரைபடத்தையும் இணைத்துக் கணினி மாதிரி அமைப்பவர் இன்னொருவர். தங்குமிடத்துக்கு அருகே கட்டடம் எழுப்ப விண்ணப்பிக்கும் நிறுவனத்துக்கு அறிக்கை எழுதுபவர், அந்த அறிக்கையைப் பரிசீலிக்கும் மாநகரசபை அலுவலர், காயமடைந்த வௌவாலுக்குச் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவர், 1994இல் பிரிஸ்பேனில் கண்டறியப்பட்ட ஹெண்ட்ரா வைரஸையும் 1996இல் கண்டறியப்பட்ட வௌவால் லிஸ்ஸா வைரஸையும் ஆராய்பவர், அண்டை வீட்டாரின் புகார்களுக்குப் பதில் சொல்பவர் எனப் பட்டியல் நீளும். இவர்களில் விலங்கைக் கையால் தொடுவோர் சிறுபான்மையினரே. அவ்வாறு தொடுபவர்கள் முன்கூட்டியே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

விலங்கியல் என்றவுடன் பலரின் மனக்கண்ணில் தோன்றுவது கோலாவை அணைத்தபடி நிற்கும் காட்சி. வேலை நாளின் பெரும்பகுதி தரவு அட்டவணைக்கு முன்னால் கழிகிறது என்பதை முதலாம் ஆண்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாம் தரப் படிப்பு என்ற எண்ணம்

தமிழ்ப் பெற்றோரிடையே விலங்கியல் மீது இருக்கும் தயக்கத்துக்கு ஊரிலிருந்து வந்த காரணம் ஒன்று உண்டு. இலங்கையில் உயர்தர வகுப்பில் உயிரியல் பிரிவைத் தேர்ந்தெடுத்து, மருத்துவபீடத்துக்குத் தேவையான புள்ளிகளைப் பெறாதவர்களே பெரும்பாலும் விஞ்ஞானபீடத்தில் விலங்கியலையும் தாவரவியலையும் படித்தனர். 1970களின் தரப்படுத்தல் கொள்கை இந்த ஏமாற்றத்தை யாழ்ப்பாணத்தில் மேலும் கசப்பாக்கியது. தமிழ்நாட்டிலும் கலை, அறிவியல் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளுக்குள் மருத்துவ இடம் கிடைக்காதவர்கள் கணிசமாக வந்து சேர்ந்தனர். ஆகவே, அந்தத் தலைமுறையினருக்கு விலங்கியல் என்பது ஒரு பாடமாக அல்லாமல் ஒரு தோல்வியின் பெயராகவே நினைவில் நிற்கிறது.

ஆஸ்திரேலியாவில் இந்த எண்ணத்துக்குப் புதியதோர் உருவம் கிடைத்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் வழங்கப்படும் ஏடார் என்பது மதிப்பெண் அல்ல; அது 99.95 வரை செல்லும் ஒரு தரவரிசை. 95 பெற்ற மாணவர் அந்த வயதினரில் 95 சதவீதத்தினரை முந்தியிருக்கிறார் என்பதே அதன் பொருள். ஆனால், பல வீடுகளில் ஏடார் ஒரு நாணயம்போல நடத்தப்படுகிறது. 98 பெற்ற ஒருவர், மிகக் குறைந்த தரவரிசையிலேயே இடம் கிடைக்கும் விஞ்ஞானப் பட்டப்படிப்பில் சேர்ந்தால், மீதியை 'வீணாக்குவதாக' உறவினர்கள் கருதுகின்றனர். நுழைவுத் தரவரிசை என்பது இடங்களின் எண்ணிக்கையையும் போட்டியையும் காட்டுமே தவிர, படிப்பின் கடினத்தையோ அதன் பயனையோ காட்டாது. விலங்கியலில் நுழைவது எளிது. நான்காவது ஆண்டுக்கு அப்பால் நிலைத்து நிற்பதே கடினம். போட்டி இங்கே வாசலில் இல்லை, பின்கட்டில் இருக்கிறது.

நாங்குநேரியிலிருந்து பந்திப்பூருக்கு

தமிழர்களுக்கு இத்துறையில் முன்னோடிகள் இல்லை என்று சொல்ல முடியாது. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங், சிவகாசியில் உள்ள அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளராக இருந்தவர். நிலையான அந்த வேலையில் இருந்தபடியே விடுமுறை நாட்களில் காட்டுக்குச் சென்றுவந்த அவர், 1970களில் கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டில் செந்நாய்களைப் பற்றி ஆய்வு செய்தார். சுதந்திரமாக உலவும் பெரிய பாலூட்டி ஒன்றை இந்திய விஞ்ஞானி ஒருவர் காட்டிலேயே தங்கி ஆராய்ந்த முதல் முயற்சிகளில் ஒன்றாக அது கருதப்படுகிறது. பின்னர் டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் சேர்ந்து, நாட்டின் வன அதிகாரிகளிலும் ஆய்வாளர்களிலும் ஒரு தலைமுறையையே பயிற்றுவித்தார். 2024 ஜூன் மாதம் அவர் காலமானார்.

யானை ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற, சென்னையைச் சேர்ந்த ராமன் சுகுமார் 2006ஆம் ஆண்டு ஜப்பானின் சர்வதேச காஸ்மோஸ் விருதைப் பெற்றார். யானைகள் ஏன் வயல்களுக்குள் வருகின்றன என்ற கேள்விக்கு, விவசாயியின் பக்கத்தையும் கணக்கில் கொண்டு அறிவியல் பதில் தேடியவர்களில் அவர் முக்கியமானவர்.

இவர்களின் வரலாற்றில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கேள்வியும் களமும் சேர்ந்தே இவர்களை விஞ்ஞானிகளாக்கின. பட்டம் அதற்கான அனுமதிச் சீட்டாக இருந்தது. ஆஸ்திரேலியாவிலும் இதுவே நடைமுறை.

எதை, எங்கே படிப்பது?

மாணவர்கள் செய்யும் முதல் தவறு, பாடநெறிப் பட்டியலில் 'விலங்கியல்' என்ற சொல்லைத் தேடுவது. அந்தப் பெயர் பல பல்கலைக்கழகங்களின் துறைப் பலகைகளிலிருந்து மறைந்துவிட்டது. 1887இல் பால்ட்வின் ஸ்பென்சர் உயிரியலின் முதல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில், விலங்கியல் துறை 2015இல் தாவரவியல், மரபியல் துறைகளுடன் இணைக்கப்பட்டு உயிரறிவியல் பள்ளியாக மாறியது. சிட்னி பல்கலைக்கழகத்திலும் இதேபோன்ற இணைப்பு 2016இல் நடந்தது. பாடம் ஒழிந்துவிடவில்லை, விஞ்ஞான இளநிலைப் பட்டத்துக்குள் ஒரு முதன்மைப் பாடமாக, அல்லது சூழலியல், பாதுகாப்பு உயிரியல், விலங்கு நடத்தை, பல்லுயிரியம் என்ற பெயர்களில் அது தொடர்கிறது.

பரமட்டாவில் வசிப்பவருக்கு வீட்டிலிருந்தே சென்றுவரக்கூடிய தூரத்தில் நான்கு பல்கலைக்கழகங்கள் உள்ளன. வெஸ்டர்ன் சிட்னி பல்கலைக்கழகத்துக்குப் பரமட்டா நகரின் மையத்திலும் ரைடல்மியரிலும் வளாகங்கள் இருந்தாலும், வனவிலங்கு மாணவர்கள் கவனிக்க வேண்டியது ரிச்மண்டில் உள்ள ஹாக்ஸ்பரி வளாகத்தை. 1891இல் விவசாயக் கல்லூரியாகத் தொடங்கிய அந்த இடத்தில் இப்போது சூழலுக்கான ஆய்வு நிறுவனம் ஒன்று இயங்குகிறது. மக்குவாரி பல்கலைக்கழகம் விலங்கு நடத்தை ஆய்வுகளுக்கு நீண்ட காலமாகப் பெயர் பெற்றது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கிங்ஸ்ஃபோர்ட் தலைமையிலான குழு 1983ஆம் ஆண்டு முதல் கிழக்கு ஆஸ்திரேலியாவின் நீர்ப்பறவைகளை விமானத்திலிருந்து ஆண்டுதோறும் எண்ணி வந்திருக்கிறது. சிட்னி பல்கலைக்கழகம், டரோங்கா விலங்குக் காட்சிசாலையுடன் சேர்ந்து வனவிலங்குப் பாதுகாப்புப் பட்டப்படிப்பை உருவாக்கியது. அங்கு பேராசிரியராக இருந்த கிறிஸ் டிக்மன் உள்ளிட்டோர் தயாரித்த 2020ஆம் ஆண்டு அறிக்கைதான், 2019-20 காட்டுத்தீயில் ஏறத்தாழ 300 கோடி விலங்குகள் இறந்தன அல்லது இடம்பெயர்ந்தன என்ற மதிப்பீட்டை உலகுக்குத் தெரிவித்தது.

சிட்னிக்கு வெளியே ஆர்மிடேலில் உள்ள நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகம், மெல்பர்னில் டீக்கின், லா ட்ரோப் பல்கலைக்கழகங்கள், வட குவீன்ஸ்லாந்தில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகம் ஆகியவை காட்டுக்கும் கடலுக்கும் அருகாமையில் கற்பிக்கும் வாய்ப்பைப் பெற்றவை. பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பத் தயங்கும் குடும்பங்கள் இவற்றைப் பெரும்பாலும் பரிசீலிப்பதே இல்லை. எனினும், பல்கலைக்கழகத்தின் பெயரைவிட அது எத்தனை நாட்களைக் களப்பயிற்சிக்கு ஒதுக்குகிறது என்பதே வேலை தருபவர்கள் கேட்கும் கேள்வி. சேர்வதற்கு முன்னரே அதைக் கேட்டறிய வேண்டும்.

பள்ளியில் உயிரியலுடன் வேதியியலையும் உயர்நிலைக் கணிதத்தையும் எடுப்பது அவசியம் என்றே சொல்லலாம். சில பல்கலைக்கழகங்கள் இவற்றைக் கட்டாய நிபந்தனையாகவும், வேறு சில 'தெரிந்திருக்க வேண்டிய அறிவு' என்றும் குறிப்பிடுகின்றன. இரண்டாவது வகை ஒரு பொறி. சேர்வதற்கு அது தடையல்ல. ஆனால், இரண்டாம் ஆண்டில் புள்ளியியல் வகுப்பில் தடுமாறுபவர்கள் பலரும் அந்த வாசல் வழியாக வந்தவர்களே. இன்றைய சூழலியலின் பொதுமொழி, 1990களில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருள். கணினித் துறையில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் தம் பிள்ளைக்கு நேரடியாக உதவக்கூடிய இடமும் இதுதான்.

கார்லிங்ஃபோர்டில் உள்ள ஜேம்ஸ் ரூஸ் விவசாய உயர்நிலைப் பள்ளியில் இடம் பெறத் தமிழ்ப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் தனியார் வகுப்புகளுக்குச் செல்கின்றனர் என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். அப்பள்ளியில் விவசாயம் ஒரு கட்டாயப் பாடம். ஆட்டையும் கோழியையும் பராமரிக்கக் கற்றுக்கொள்ளும் அந்த மாணவர்களில் பெரும்பாலோர் பின்னர் மருத்துவத்துக்குச் செல்வதைப் பெற்றோர் எவரும் முரண்பாடாகக் கருதுவதில்லை.

நான்காவது ஆண்டு

ஆஸ்திரேலியாவில் விஞ்ஞான இளநிலைப் பட்டம் மூன்று ஆண்டுகளைக் கொண்டது. வனவிலங்குத் துறையில் அது பாதி வழி மட்டுமே. 'ஆனர்ஸ்' எனப்படும் நான்காவது ஆண்டில், மாணவர் ஒரு மேற்பார்வையாளரின் கீழ் சொந்தமாக ஆய்வு ஒன்றை வடிவமைத்து, களத்தில் தரவு சேகரித்து, ஆய்வேடு எழுதுகிறார். ஆய்வாளராக விரும்புவோருக்கு முனைவர் பட்டத்தின் கதவு இதுவே. ஆலோசனை நிறுவனங்களில் வேலை தேடுவோருக்கும், ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கத் தெரிந்தவர் என்பதற்கான சான்று இதுவே.

முனைவர் பட்டம் மூன்றரை முதல் நான்கு ஆண்டுகள் எடுக்கும். ஆஸ்திரேலியக் குடிமக்களும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களும் பொதுவாக அதற்குக் கட்டணம் செலுத்துவதில்லை. மத்திய அரசின் ஆய்வுப் பயிற்சித் திட்டத்தின் கீழ் உதவித்தொகையும் கிடைக்கலாம். 2025ஆம் ஆண்டில் அதன் அடிப்படைத் தொகை 33,511 டாலர். சிட்னியின் வீட்டு வாடகையோடு ஒப்பிட்டால் இது தாராளமான தொகை அல்ல. முனைவர் பட்டம் பெறும் அனைவருக்கும் பல்கலைக்கழக வேலை காத்திருப்பதும் இல்லை. ஆகவே, ஆராய்ச்சியில் உண்மையான பற்று இல்லாதவர்கள் ஆனர்ஸுடன் நிறுத்திக்கொண்டு வேலைக்குச் செல்வது தோல்வி ஆகாது.

களம் என்னும் தகுதி

வேலை விளம்பரங்களைக் கவனித்துப் பார்த்தால், பட்டத்துக்கு அடுத்தபடியாக மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஓட்டுநர் உரிமம், முதலுதவிச் சான்றிதழ், களத்தில் உயிரினங்களை அடையாளம் காணும் திறன். முதலாவதை எவரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால், நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்குட்பட்ட பயிற்சி ஓட்டுநர் 120 மணி நேரம் கண்காணிப்பின் கீழ் ஓட்டியதைப் பதிவு செய்த பின்னரே அடுத்த கட்டத்துக்குச் செல்ல முடியும். கியர் மாற்றி ஓட்டும் நான்கு சக்கர இயக்க வாகனத்தை மண்பாதையில் செலுத்தத் தெரியாதவரை எந்த நிறுவனமும் தொலைதூரக் காட்டுக்கு அனுப்பாது. வார இறுதியில் தனியார் வகுப்புகளுக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடும் பெற்றோர், அந்தப் பயணத்தின்போது வண்டியைப் பிள்ளையிடமே கொடுத்துவிடலாம்.

உயிரினங்களை அடையாளம் காணும் திறன் வகுப்பறையில் வராது. பரமட்டா ஏரியைச் சுற்றியுள்ள புதர்க்காடு நகரின் மையத்திலிருந்து சிறிது தூரத்திலேயே இருக்கிறது. ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் 2017இல் தொடங்கிய தவளை ஒலிப்பதிவுத் திட்டத்தில் கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும் பங்கேற்கலாம். காயமடைந்த வனவிலங்குகளை மீட்கும் தன்னார்வ அமைப்புகள் பயிற்சியும் அளிக்கின்றன. அனுமதி பெற்ற அமைப்பின் மூலமாக அன்றி வனவிலங்கை வீட்டில் வைத்துப் பராமரிப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் அங்கேதான் பலர் அறிந்துகொள்கின்றனர்.

பரமட்டா என்ற பெயரே டாருக் பழங்குடி மக்களின் மொழியிலிருந்து வந்தது. விலாங்கு மீன்கள் தங்கும் இடம் என்பதே அதற்குச் சொல்லப்படும் பொருள். கிழக்குக் கரையோர ஆறுகளில் வளரும் நீள்துடுப்பு விலாங்குகள் முட்டையிடுவதற்காக நியூ கலிடோனியாவை அண்டிய பவளக்கடல் வரை நீந்திச் செல்கின்றன. பழங்குடி மக்களின் நிலங்களில் ஆய்வு செய்ய அவர்களது ஒப்புதலும் பங்களிப்பும் அவசியம் என்பது இன்று வெறும் மரியாதை நிமித்தமான பேச்சு அல்ல. ஆய்வுத் திட்டங்கள் இதன் அடிப்படையிலும் மதிப்பிடப்படுகின்றன.

களப்பணி பெரும்பாலும் இரவில் நடப்பது. மரவாழ் விலங்குகளைத் தேடி விளக்கொளியில் நடப்பதும், மழை பெய்த இரவில் தவளைகளின் குரலைக் கேட்பதும் பகலில் செய்யக்கூடியவை அல்ல. மகளைக் காட்டுக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு, எவரும் தனியாக அனுப்பப்படுவதில்லை என்பதும், பாதுகாப்புத் திட்டம் எழுத்தில் இல்லாமல் பல்கலைக்கழகக் குழு புறப்படாது என்பதும் சற்று ஆறுதல் அளிக்கலாம்.

யார் வேலை தருகிறார்கள்?

விலங்குக் காட்சிசாலைகளே முதலில் நினைவுக்கு வருகின்றன. டரோங்கா, டப்போவில் உள்ள மேற்குச் சமவெளி விலங்குக் காட்சிசாலை, டூன்சைடில் ஃபெதர்டேல், 2019 இறுதியில் மேற்கு சிட்னியில் திறக்கப்பட்ட சிட்னி விலங்குக் காட்சிசாலை என இடங்கள் உண்டு. ஆனால், விலங்குப் பராமரிப்பாளராக விரும்புபவருக்கு விலங்கியல் பட்டத்தைவிட டேஃப் போன்ற தொழிற்கல்வி நிறுவனங்கள் வழங்கும் விலங்குப் பராமரிப்புச் சான்றிதழே நேரடியாக உதவும். இதை அறியாமல் மூன்று ஆண்டுகள் பட்டம் படித்த பின்னர் சான்றிதழ் வகுப்பில் மீண்டும் சேர்ந்தவர்கள் உண்டு. வெற்றிடங்கள் குறைவு, போட்டியோ மிக அதிகம்.

பட்டதாரிகளில் பலருக்கு முதல் வேலையைத் தருபவை சூழலியல் ஆலோசனை நிறுவனங்களே. நியூ சவுத் வேல்ஸின் 2016ஆம் ஆண்டு பல்லுயிரியப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இயற்கைத் தாவரங்களை அகற்றும் பெரிய கட்டுமானத் திட்டங்களுக்கு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கை தேவை. மேற்கு சிட்னியில் வீடுகள், நெடுஞ்சாலைகள், விமான நிலையம் எனக் கட்டுமானம் நடக்கும் நிலம், மிக அருகிவரும் சூழல் தொகுதியாகப் பட்டியலிடப்பட்ட கம்பர்லேண்ட் சமவெளி வனத்தின் எச்சங்களைக் கொண்டது. அந்த வனத்தில் இன்று எஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கு மட்டுமே வாழும் நத்தை இனம் ஒன்றை மரப்பட்டைக் குப்பைக்குள் தேடுவது இளம் பட்டதாரிகளுக்குக் கிடைக்கும் வழக்கமான பணிகளில் ஒன்று.

இங்கே மனச்சாட்சி சார்ந்த நெருக்கடியும் உண்டு. மதிப்பீட்டாளருக்குப் பணம் கொடுப்பவர் கட்டட உரிமையாளர். ஓரிடத்தில் அழிப்பதை வேறிடத்தில் ஈடுசெய்யும் மாநிலத் திட்டம் திறம்பட வடிவமைக்கப்படவில்லை என்று மாநிலத் தலைமைக் கணக்காய்வாளர் 2022இல் கண்டறிந்தார். விலங்குகளைக் காப்பாற்றுவதற்காக இத்துறைக்கு வந்த ஒருவர், அவற்றின் வாழிடம் அழிவதை முறைப்படி பதிவு செய்யும் பணியில் பல ஆண்டுகளைக் கழிக்க நேரலாம். நேர்மையான ஓர் அறிக்கை ஒரு சாலையின் பாதையை மாற்றியதும் உண்டு. இந்த இரண்டையும் ஏற்கும் மனநிலை உள்ளவருக்கே இவ்வேலை பொருந்தும்.

1967இல் அமைக்கப்பட்ட மாநிலத் தேசியப் பூங்கா, வனவிலங்குச் சேவை, மாநகரசபைகள், நிலம் வாங்கிப் பாதுகாக்கும் தொண்டு நிறுவனங்கள், உயிரியல் பாதுகாப்புத் துறை, மத்திய அரசின் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆகியவையும் ஆட்களைச் சேர்க்கின்றன. இவற்றில் பல பணிகள் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களாகவே தொடங்குகின்றன. இரண்டாண்டு முதுநிலைக் கல்வியியல் பட்டம் பெற்று அறிவியல் ஆசிரியராவது, பற்றாக்குறை நிலவும் துறை என்பதால், நம்பகமான மாற்றுவழி.

மெல்பர்னில் வசிப்போருக்கு ஊக்கம் தரும் செய்தி ஒன்று: காட்டில் அற்றுப்போனதாக வகைப்படுத்தப்பட்டிருந்த கிழக்கு வரிப் பண்டிகூட், பல பத்தாண்டுக் கால இனப்பெருக்கத் திட்டத்தின் பயனாக 2021இல் விக்டோரியா மாநிலத்தில் 'அருகிவரும்' நிலைக்கு உயர்த்தப்பட்டது. ஐரோப்பியர் குடியேறிய பின்னர் 30க்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்களை இழந்துவிட்ட நாட்டில், இது அரிதாக நடப்பது.

கட்டணமும் விசாவும்

2021இல் நடைமுறைக்கு வந்த மாற்றங்களின்படி, அந்த ஆண்டில் விஞ்ஞான மாணவர் ஒருவர் செலுத்த வேண்டிய ஆண்டுப் பங்களிப்பு 7,950 டாலராக நிர்ணயிக்கப்பட்டது. மருத்துவத்துக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் அது 11,300, சட்டத்துக்கும் பெரும்பாலான மானிடவியல் பாடங்களுக்கும் 14,500. பின்னர் விலைவாசிக்கேற்ப இவை உயர்ந்துள்ளன. மாணவரின் சுமை குறைந்தபோது அரசின் பங்களிப்பும் குறைக்கப்பட்டதால், விஞ்ஞான மாணவர் ஒருவருக்காகப் பல்கலைக்கழகம் பெறும் மொத்தத் தொகை சுருங்கியது. செலவு மிகுந்த களப்பயிற்சிகளை இது பாதிக்கும் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது.

இந்தப் பங்களிப்பை ஹெக்ஸ் எனப்படும் அரசுக் கடனாகப் பெற்று, வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பின்னர் வரியோடு செலுத்தலாம். 2025-26 நிதியாண்டில் அந்த வரம்பு 67,000 டாலர். 2025இல் நிறைவேற்றப்பட்ட சட்டம் நிலுவையிலிருந்த கடன்களில் 20 சதவீதத்தைத் தள்ளுபடி செய்தது.

ஆனால், இந்தக் கடன் எல்லோருக்கும் இல்லை. பொதுவாக ஆஸ்திரேலியக் குடிமக்களும் நிரந்தர மனிதாபிமான விசா பெற்றவர்களும் மட்டுமே இதற்கு உரியவர்கள். திறன் அடிப்படையில் நிரந்தர வதிவிட உரிமை பெற்ற குடும்பத்தின் பிள்ளைக்கு மானிய இடம் உண்டு. ஆனால், கட்டணத்தை முன்கூட்டியே கையிலிருந்து செலுத்த வேண்டும். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்கு வருமுன் குடியுரிமை விண்ணப்பத்தை முடித்துவிடுவது பல்லாயிரம் டாலர் பெறுமதியான முடிவு. மத்திய அரசுப் பணிகளுக்கும் பொதுவாகக் குடியுரிமை தேவைப்படுகிறது.

படகுகளில் வந்து தஞ்சம் கோரிய ஈழத்தமிழர்களின் பிள்ளைகளின் நிலை இதைவிடக் கடினம். தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்தோர் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்க 2023 பெப்ரவரியில் வழி திறக்கப்பட்டது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டு இணைப்பு விசாவில் இருப்போர் அதில் சேர்க்கப்படவில்லை. அவர்களின் பிள்ளைகள் ஆஸ்திரேலியப் பள்ளியிலேயே படித்து உயர்ந்த தரவரிசை பெற்றாலும், பல்கலைக்கழக வாசலில் வெளிநாட்டு மாணவர்களாகவே கருதப்படுகின்றனர். சில பல்கலைக்கழகங்கள் இவர்களுக்கெனத் தனி உதவித்தொகை வழங்குகின்றன. அவற்றுக்கு வழக்கமான விண்ணப்பத்திலிருந்து வேறுபட்ட நடைமுறையும் காலக்கெடுவும் இருப்பதால், பள்ளியின் வழிகாட்டும் ஆசிரியர் மூலம் பதினோராம் வகுப்பிலேயே விசாரிப்பது நல்லது.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வர விரும்புவோர், மாணவர் விசா விண்ணப்பக் கட்டணமே 2025 ஜூலையில் 2,000 டாலராக உயர்த்தப்பட்டதையும், உள்நாட்டு மாணவரைப்போல் பல மடங்கு கல்விக் கட்டணம் செலுத்த வேண்டியிருப்பதையும் கணக்கிட வேண்டும். விலங்கியலாளர் என்ற தொழிலுக்கு ஆஸ்திரேலியத் தொழில் வகைப்பாட்டில் தனிக் குறியீடு உண்டு என்பதைச் சில முகவர்கள் பெரிதாக விளம்பரப்படுத்துகின்றனர். குறியீடு இருப்பது வேலை இருப்பதாகாது. குடிவரவுப் பட்டியல்களும் அடிக்கடி மாறுகின்றன. முதல் பட்டத்தை ஊரிலேயே முடிப்பது இவர்களில் பலருக்கு உகந்தது. மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரி வனவிலங்கு உயிரியலுக்கு நீண்ட காலமாகப் பெயர் பெற்றது. டேராடூன் வனவிலங்கு நிறுவனத்தின் முதுநிலைப் படிப்பும், பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் 2004இல் தொடங்கிய முதுநிலைப் படிப்பும் உலகத் தரம் வாய்ந்தவை. யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழகங்களில் விலங்கியல் துறைகள் உள்ளன. அங்கு படித்து, ஆய்வுக் கட்டுரை ஒன்றையாவது வெளியிட்ட பின்னர், முழு உதவித்தொகையுடன் முனைவர் பட்டத்துக்கு வருபவரின் நிலை, கடன் வாங்கி இளநிலைப் பட்டத்துக்கு வருபவரின் நிலையைவிட எவ்வளவோ மேலானது.

சிட்னியில் பள்ளியை முடிக்கும் மாணவர்கள், பல்கலைக்கழகச் சேர்க்கை மையத்தின் மூலம் ஐந்து விருப்பத் தெரிவுகளை வரிசைப்படுத்தி விண்ணப்பிக்கின்றனர். டிசம்பரில் தரவரிசை வெளியான பின்னரும் இந்த வரிசையை மாற்றுவதற்குச் சில நாட்கள் அவகாசம் உண்டு. முதல் இடத்தில் மருத்துவமும் ஐந்தாவது இடத்தில் விலங்கியலும் இருந்த பட்டியல்கள் மாற்றப்படுவதும், மாற்றப்படாமல் விடப்படுவதும் அந்தச் சில நாட்களில்தான்.